ஒரு பாட்டில் தண்டையார்பேட்டை மழை

என் வீட்டுக்காரர் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறவர். பெருமைக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். சவூதியில் யான்பு என்ற ஊரில், கடலை உறிஞ்சி உப்பைப் பிரித்து ஊருக்கு அனுப்பும் ஆலை ஒன்றில் பம்ப் ஆபரேட்டர். பதினோரு வருஷமாக யார் யார் வீட்டுக் குழாயிலோ நல்ல தண்ணீர் வர வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கட்டிய பெண்டாட்டி அஜீசா, அதாவது நான், தண்டையார்பேட்டையில் உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, சீப்போடு வரும் முடியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது.

எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் மேலே மஞ்சளாக ஏடு கட்டும். சில நாள் எண்ணெய் வாடை அடிக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வெள்ளைத் துணி ஒரே மாதத்தில் டீ கலருக்கு வந்துவிடும். மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிபம்பில் வரும். வரும் என்று நம்பிக்கொண்டு குடத்தோடு நிற்க வேண்டும். குடிப்பதற்குக் கேன்.

அவர் பெயர் மொஹ்சின். கல்யாணமான புதிதில் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உரமோ சர்க்கரையோ இறக்குகிறபோது மழை வந்தால் கப்பலின் மேல்மூடியை இழுத்து மூடிவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தால் பதினொன்றுக்குள் அவர் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நிற்பார். வேலை போச்சே என்று அவருக்கு முகம் தொங்கும். எனக்கு ஒரு கவலையும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்போம். எனக்கு மழை என்றால் புருஷன் வீட்டுக்கு வருகிற நாள். அந்தப் புத்தி இன்னும் மாறவில்லை. இப்போதும் தூறல் விழுந்தால் காது வாசல் பக்கம்தான் போகிறது.

சவூதி போன பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். எங்கள் மகள் சைமாவுக்குப் பள்ளிக்கூட விடுமுறை பார்த்து எப்போதும் மே மாதம்தான். அதனால் பதினோரு வருஷமாக இந்த வீட்டில் அவர் மழை பார்த்ததில்லை.

போன மே மாதம் வந்தவர், மூன்றாம் நாளே கடப்பாரையும் சிமெண்டுமாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்.

"இன்னா மச்சான், லீவுக்கு வந்தீங்களா, கொத்து வேலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே தபாதான் அஜீசா. நம்ம மாடில வுயற தண்ணி ஒரு சொட்டு தெருவுக்குப் போவக் கூடாது. அப்பால நீ கொடத்தத் தூக்கிகினு எவன் வாசல்லயும் நிக்க வேணாம்."

மாடித் தரையைக் கொத்தி ஒரு மூலைக்குச் சரிவு எடுத்தார். அங்கிருந்து குழாய் இறக்கினார். குழாய் கீழே வந்து இரண்டாகப் பிரியும். ஒன்று தெருச் சாக்கடைக்கு, இன்னொன்று வடிகட்டும் டிரம்முக்கு. டிரம்முக்குள் கூழாங்கல், அடுப்புக்கரி, மணல். அதில் இறங்கி வரும் தண்ணீர் மாடிப்படிக்குக் கீழே தோண்டிய சம்ப் தொட்டியில் விழும். இரண்டு பக்கமும் வால்வு வைத்து, பென்சிலால் சுவரில் 'வெளியே', 'உள்ளே' என்று எழுதி அம்புக்குறியும் போட்டார். எங்கள் பக்கம் மாடியில் எப்போதும் கறுப்புத் தூசி படிந்திருக்கும். காலையில் கூட்டினால் சாயங்காலம் மறுபடி கால் கறுத்துவிடும். அதனால் மழையின் முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, தெளிந்த பிறகுதான் உள்ளே திருப்ப வேண்டும். இதை எனக்கு ஒரு முப்பது தடவை சொன்னார்.

நாற்பது நாள் லீவில் இருபத்தைந்து நாள் மாடியில் போனது. குழாயைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பிவிசி குழாய் மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமில்லை. புறப்படுகிற அன்றைக்குக்கூடக் கையில் பசை வாடை போகாமல்தான் என் தலையில் கை வைத்தார்.

"டிசம்பரோட காண்ட்ராக்ட் முடியுது. மறுபடி போட மாட்டேன். மீஞ்சூர்ல இதே வேல கீது, சொல்லி வெச்சிட்டு வந்துகீறேன். டிசம்பர் கடைசில ஒரேயடியா வந்துருவேன். அப்ப கொஞ்சமாச்சும் மழ மிச்சம் இருக்கும்ல?"

"இருக்கும். நான் புடிச்சி வெக்கிறேன்" என்றேன்.

அக்டோபர் நடுவில் ஒரு மதியம் முதல் மழை வந்தது. சைமா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் ஒரு கையில் போனும் ஒரு கை வால்விலுமாக மாடிப்படி ஓரம் மழையில் நின்று வீடியோவில் அவரைக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருந்தவர் பாத்ரூமுக்குள் புகுந்துகொண்டு எடுத்தார்.

"கொழா எல்போவக் காட்டு. ஒழுவுதா பாரு."

"நான் நனைஞ்சிகினு கீறேன் மச்சான். மொதல்ல என்னப் பாருங்க."

"உன்ன அப்பால பாக்குறேன். தண்ணி இன்னா கலர்ல வருது?"

கறுப்பாக வந்தது. அப்புறம் டீ மாதிரி வந்தது. "இன்னும் கொஞ்சம் வுடு, இன்னும் கொஞ்சம் வுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நடுவில் படம் நின்றுவிட்டது. அவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், நான் வால்வைப் பிடித்தபடி நிற்கிறேன். மறுபடி குரல் வந்து "இப்ப மூடு" என்றபோது மழையே நின்றிருந்தது. அத்தனையும் சாக்கடையில் ஓடிவிட்டது.

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. குழாயைப் பார்க்கவில்லை அவர். மாடிச் சுவர் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் கேக்குது அஜீசா. கொஞ்ச நேரம் போன அப்டியே வெச்சிரு" என்றார். சொட்டுவது நிற்கும்வரை வைத்துக்கொண்டு நின்றேன். கை கடுத்துப் போனது. இந்த மனுஷனை இப்படி ஒரு பாத்ரூமில் நிற்க வைத்திருக்கிறோமே என்று இருந்தது.

அடுத்த மழைக்கு நான் அவரைக் கூப்பிடவில்லை. கால் மணி நேரம் கணக்காக விட்டேன், திருப்பினேன். டிரம்முக்குள் தண்ணீர் இறங்கும் சத்தமும் சம்ப்பில் விழும் சத்தமும் கேட்டது. நவம்பர் முதல் வாரத்துக்குள் சம்ப் வாய் வரைக்கும் நிரம்பிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் தரையில் அவர் பூசிய சிமெண்டுக் கோடு தெரிந்தது.

அந்தத் தண்ணீரை வந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு தடவை சோப்புப் போட்டால் நுரை போகவே மாட்டேன் என்றது. துவரம் பருப்பு மூன்றே விசிலில் மலர்ந்தது. டீ போட்டால் டீ ருசி வந்தது. இத்தனை வருஷம் நாம் குடித்தது டீயே இல்லை போலிருக்கிறது என்று சைமாவிடம் சொன்னேன். எனக்கு முடி கொட்டுவதும் குறைந்தது. தினமும் போனில் அவரிடம் இதே கதைதான்.

"சம்ப்பு ரொம்பி வழியுது மச்சான். இந்த வருசம் ஒரு கொறையும் இல்ல. மெட்ரோ தண்ணி வந்தா இன்னா, வராட்டி இன்னா."

எங்கள் தெருவில் புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீடு எப்படியும் எட்டு இருக்கும். எட்டு வீட்டிலும் ஒரே பழக்கம். போனில் குறை சொல்ல மாட்டோம். அங்கே வெயிலில் காய்கிறவனுக்கு இங்கேயிருந்து ஒரு கவலையையும் அனுப்பக் கூடாது. காய்ச்சலில் கிடந்தாலும் "நல்லா கீறோம்" என்றுதான் சொல்வோம். நவம்பர் நடுவில் மாடியைத் தேய்த்துக் கழுவும்போது பாசியில் வழுக்கி விழுந்து எனக்கு இடது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டு போட்டுக்கொண்டு பத்து நாள் இருந்தேன். வீடியோவில் பேசும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "உங்க அத்தாகிட்ட சொல்லாத" என்று சைமாவுக்கும் சொல்லி வைத்தேன். எப்போது வருவீர்கள் என்றும் கேட்க மாட்டோம். கேட்டால் மனசு அலையும் என்று பயம். டிசம்பர் என்று அவரே சொல்லியிருக்கிறாரே, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவரே கேட்டார். "அஜீசா, காத்தூன் அக்கா உம்ராவுக்கு வருதாமே. அதுகிட்ட ஒரு பாட்டில் அனுப்பேன். நம்ம வூட்டு மழய ஒரு வாய் குடிச்சிப் பாக்கணும்."

"டிசம்பர்ல வந்து குடிக்கக் கூடாதா?"

"அதுவரைக்கும் தாங்காது" என்றார்.

புருஷன் ஆசையாகக் கேட்டால் என்ன செய்வது. பக்கத்து வீட்டு காத்தூன் பீவியிடம் போய் நின்றேன். மகளோடும் மருமகனோடும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர். நான் சொன்னதைக் கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எல்லாரும் அங்கேர்ந்து ஜம்ஜம் கெணத்துப் புனிதத் தண்ணி கொண்டாருவாங்க. நீ இன்னாடி, இங்கேர்ந்து அங்க தண்ணி அனுப்புற? அதுவும் தண்ணி கம்பெனில வேல பாக்குறவனுக்கா?"

"ஆசப்படுறாருக்கா. ஒரு பாட்டில்தான்."

"நல்ல ஆச. புடவ கேக்கற பொண்டாட்டியப் பாத்துகீறேன், மழ கேக்கற புருஷன இப்பதான் பாக்குறேன். குடு."

தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, துணியில் வடிகட்டி, லேபிள் கிழித்த லிட்டர் பாட்டிலில் ஊற்றினேன். பெட்டிக்குள் கசிந்துவிடக் கூடாதே என்று, குழாய் மரையில் சுற்றுவதற்கு அவர் வாங்கி மீதி வைத்திருந்த மெல்லிய வெள்ளை டேப்பைப் பாட்டிலின் கழுத்து மரையில் மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் மூடியைத் திருகினேன். வெளியே பார்த்தால் டேப் இருப்பது தெரியாது. யான்பு மக்காவிலிருந்து வெகுதூரம். என் வீட்டுக்காரருடைய தோஸ்து சௌக்கத் அலி ஜித்தாவில் லோடு வண்டி ஓட்டுகிறார். அவர் மக்காவுக்குப் போய் காத்தூன் அக்கா தங்கியிருக்கும் ரூமில் வாங்கிக்கொண்டு, அடுத்த லோடுக்கு யான்பு போகும்போது இவரிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டார்.

"வந்துச்சு அஜீசா. குடிச்சேன்."

"எப்டி இருந்துச்சு?"

"நாக்குல வெச்சதும் தெரிஞ்சிபோச்சு, நம்ம வூட்டு மழதான்னு. சோக்கா இருந்துச்சு. நம்ம கூழாங்கல்லு வாசனகூட லேசா வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா வெச்சி குடிக்கிறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சைமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாடிக்குப் போய், வேலை ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் நின்றேன். அவரும் நானும் ஒரே தண்ணீரைக் குடித்து எத்தனை காலம் ஆகிறது. பத்து நாள் அந்த நினைப்பிலேயே ஓடியது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் காத்தூன் அக்கா திரும்பி வந்தார். தெருவே போய்ப் பார்த்தது. வந்தவர்களுக்கெல்லாம் சின்ன டம்ளரில் ஜம்ஜமும் ஒரு பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார்.

"உனக்குன்னு தனியா ஒரு முழு பாட்டில் வெச்சிகீறேன். மொத வாய இங்கியே குடி. துவா கேளு."

நான் மக்கா இருக்கிற கிப்லா பக்கம் திரும்பி நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி மூடியைத் திருகினேன். கழுத்து மரையில் வெள்ளை டேப் மூன்று சுற்று இருந்தது.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வாய் குடித்தேன். ஜம்ஜம் வருஷா வருஷம் யாராவது கொண்டு வந்து கொடுத்துக் குடித்திருக்கிறேன். அதற்கென்று கனமான ஒரு ருசி, லேசாக உப்புக் கரிக்கும். இதில் அது இல்லை. எந்த ருசியும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது. என் வீட்டுச் சம்ப் தண்ணீர். நான் காய்ச்சி, நான் வடிகட்டி, நான் அனுப்பியது.

"அக்கா, சௌக்கத் வந்தப்ப பாட்டில எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான் ஹரம் பள்ளிவாசல்ல இருந்தேன். மருமவன்தான் ரூம்ல இருந்து குட்த்துச்சு. ஜன்னலாண்ட எல்லா பாட்டிலும் ஒண்ணா அடுக்கி வெச்சிருந்தோம். ஏன், உன் வூட்டுக்காரனுக்குக் கெடச்சிதுல்ல?"

"கெடச்சிதுக்கா."

என் கண் நிறைந்துவிட்டது. காத்தூன் அக்கா அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "கேளு, கேளு, நல்லா கேளு" என்றார். எல்லா மழையும் ஆண்டவன் கொடுத்ததுதானே என்று நானும் கேட்டேன். அவர் வந்து சேரட்டும் என்று கேட்டேன். மீதித் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கக் கோபம் ஏறியது. மாறிப் போனது யார் குற்றமும் இல்லை. ஒரே மாதிரி பாட்டில்களை அடுக்கி வைத்தால் எந்த மருமகனும் கைக்கு வந்ததைத்தான் எடுத்துக் கொடுப்பான். ஆனால் இவர்? பதினோரு வருஷமாகத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தே உப்பு எவ்வளவு என்று சொல்கிற ஆள். அங்கே வாரா வாரம் ஜம்ஜம் குடிக்கிறவர். அவருக்கா தெரியாமல் போகும்? கூழாங்கல் வாசனையாமே, கூழாங்கல் வாசனை.

சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்ததும் போன் போட்டேன். எப்போதும் அவர்தான் கூப்பிடுவார். நான் கூப்பிட்டதில் பயந்துபோய் எடுத்தார்.

"இன்னா ஆச்சு? சைமா எங்க?"

"சைமா படிச்சிகினு கீறா. காத்தூன் அக்கா வந்துருச்சு. எனக்கு ஒரு பாட்டில் குட்த்துச்சு. மூடியத் தெறந்தா நான் சுத்துன டேப்பு கீது."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நீங்க குடிச்சது இன்னா தண்ணி மச்சான்?"

"ஜம்ஜம்" என்றார்.

"தெரிஞ்சிதா, தெரியலியா?"

"வாய்ல வெச்சதுமே தெரிஞ்சிச்சு. நீ அவ்ளோ ஆசயா எப்டி இருந்துச்சு, எப்டி இருந்துச்சுன்னு கேட்ட. வரலன்னு சொல்ல மனசு வரல. சொன்னா நீ அய்வன்னு..."

கோபமாகத்தான் கேட்க ஆரம்பித்தேன். அவர் அந்த நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு, இல்லாத கூழாங்கல் வாசனையைத் தேடிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்ல மனசு வராதவர் வேறு எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறாரோ.

"டிசம்பர் கடைசில வருவீங்கல்ல?"

கேட்டுவிட்டேன். எங்கள் தெருவில் யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"கையெழுத்து போட்டுட்டேன் அஜீசா. போன வாரம். இன்னும் ரெண்டு வருசத்துக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?"

"இன்னான்னு கேக்குறது? தெனம் நீதான சொல்ற, சம்ப்பு ரொம்பி வழியுது, ஒரு கொறையும் இல்லன்னு. தண்ணிக் கவல ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு, அதையும் முடிச்சிட்டேன், அங்க நான் வந்து இன்னா பண்ணப் போறேன்னு தோணிப் போச்சு. பதினோரு வருசத்துல ஒரு தபா, ஒரே ஒரு தபா, நீங்க இல்லாம கஷ்டமா கீதுன்னு நீ சொல்லிகீறியா?"

சொன்னதில்லை. அவர் கவலைப்படக் கூடாது என்று நல்லதாகவே சொல்லிச் சொல்லி, வீட்டுக்குத் தான் தேவையே இல்லை போலிருக்கிறது என்று அவரை நினைக்க வைத்திருக்கிறேன். அவர் கட்டிய சம்ப்பைப் பற்றி நான் அடித்த பெருமையிலேயே அவர் அங்கே நின்றுவிட்டார்.

"மச்சான், எனக்குக் கை பெசகிப் போச்சு. மாடில வுயுந்துட்டேன். பத்து நாளு கட்டு போட்டுகினு இருந்தேன். உங்ககிட்ட மறச்சேன்."

"எப்ப?" குரல் மாறிவிட்டது அவருக்கு.

"போன மாசம். இப்ப தேவல. அது பெருசு இல்ல. தண்ணி நல்லா கீது, பருப்பு நல்லா வேவுது, எல்லாம் மெய்தான். ஆனா மழ வந்தா நான் வாசலப் பாக்குறேன் மச்சான். பதினோரு வருசமா வாசலப் பாத்துகினு கீறேன். நீங்க இல்லாம எனக்கு இங்க ஒண்ணுமே நல்லா இல்ல."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் அழுது நான் கேட்டதில்லை. நானும் அழுதேன். பக்கத்து அறையில் சைமா படிக்கிற சத்தம் நின்றுபோனது.

"போட்ட கையெழுத்தத் திருப்பி வாங்க முடியாதா?"

"வாங்க முடியாது அஜீசா."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கேளுங்க. பொண்டாட்டி கூப்புடுறான்னு போய்ச் சொல்லுங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காலீல போய்க் கேக்குறேன்" என்றார். கேட்பாரா, கேட்டால் விடுவார்களா, எனக்குத் தெரியாது. பதினோரு வருஷத்தில் நான் அவரை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.